வீமனின் கால்

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலை வேளையில், கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை பலாலி வீதியில் ஏறும் இடத்தில், மரக்கறி ஏற்றிவந்த பட்டா ரக வாகனமொன்று எங்கள் நாயை அடித்துவிட்டது. சாரதியைக் குறைகூற இயலாது. எதிர்ப்பக்கத்து நாயொன்றைத் துரத்திக்கொண்டு வீமன் குறுக்கே பாய்ந்தான் என்று கண்டவர் அனைவரும் ஒருமுகமாகவே கூறினர். நாயை ‘அவன்’ என்றெழுதுவது வழுவல்லவா என என்னிடம் தமிழ் கற்கும் மாணவர் வினவக்கூடும். உவப்பின் காரணமாகத் திணை மயங்குவதற்கு நன்னூலார் இடங்கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையை இக்கட்டுரை முழுவதும் பயன்படுத்திக்கொள்கிறேன்.

யாழ் நகரிலுள்ள மிருக வைத்தியர் ஒருவர் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார். வலது பின்னங்காலின் தொடையென்பு மூன்று துண்டாகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால் மட்டையும் துணியும் வைத்துக் கட்டிவிடலாம். தொடையென்பு அவ்வாறன்று. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் அசையாதிருந்தாலன்றி என்பு பொருந்தாது. இடுப்பு மூட்டை எந்தக் கட்டினாலும் நிறுத்திவைக்க முடியாது. ஆகவே வழிகள் மூன்று என்றார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, உலோகத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவிப்பது ஒன்று. காலை இங்கேயே அகற்றிவிடுவது மற்றொன்று. மூன்றாவதை அவர் வாயாற் சொல்லவில்லை. மேசைமீதிருந்த ஊசியை ஒருமுறை பார்த்தார். எதைச் செய்வதாயினும் இரண்டு மூன்று நாளுக்குள் செய்யவேண்டும் என்றார்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 320 கிலோமீற்றர். நாயைப் பேருந்தில் ஏற்றார். வாகனம் பிடிக்கவேண்டும், பின்னர் திரும்ப அழைத்துவரவும் பிடிக்கவேண்டும். தகடும் திருகாணியும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 மார்ச்சு தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபின், நாட்டில் இறக்குமதியாகும் எந்தப் பொருளும் பழைய விலைக்கு மீளவில்லை. மயக்கமருந்து, படங்கள், நான் அங்கே தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் குறையாதெனக் கண்டேன். காலை அகற்றுவதற்கு 35,000 ரூபா.

அம்மா தொகையைக் கேட்டதும், “நாய்க்கோ?” என்றார். சிறிது பொறுத்து, “அந்தக் காசுக்குக் கண்டுத்தாச்சி மாடொண்டு வாங்கலாம், தம்பி” என்றார். இவ்வாறு சொன்னவர்தாம் இரவு இரண்டு மணிக்கு விறாந்தையில் வீமனருகே பாயைப் போட்டுக்கொண்டு, பஞ்சை நீரில் நனைத்து அவன் வாயில் பிழிந்துகொண்டிருந்தார். எங்கள் ஊரில் நாய்க்கு வீட்டினுள் இடமில்லை. குசினிப் படியில் ஏறினால் தடியெடுப்பார்கள். ஆயினும் மார்கழி விடியலில் திருவாசகம் பாடும்போது, தம்மை நாயென்று சொல்லிக்கொண்ட அடிகளாரின் வாக்கிற் கண்ணீர் விடுபவர்களும் இவர்களே. இந்த முரண்பாட்டை நான் வெகுகாலமாக இரசித்து வந்திருக்கிறேன். அன்றிரவு இரசிக்க இயலவில்லை.

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். “காசைப் பற்றி யோசியாதை, நாளைக்கே அனுப்புறன்” என்றார். பின்னால் அவர் மகள் அழுவது கேட்டது. வீமனை அவள் ஒரு கோடை விடுமுறையில் மூன்று வாரம் கண்டிருக்கிறாள், அவ்வளவே. அங்கே நாய்களுக்குக் காப்புறுதி உண்டென்றும், சத்திரசிகிச்சை செய்விப்பதா இல்லையா என்று இப்படி யோசிப்பது அங்கே பலருக்கு விளங்காதென்றும் அண்ணன் சொன்னார். காசு வந்துவிடும் என்றதும் என் சங்கடம் தீர்ந்திருக்கவேண்டும். உண்மையில் அப்போதுதான் அது தொடங்கிற்று. இல்லாமை ஒரு நல்ல மறைப்பு. அது போனபின், செய்யத் தகுமா என்ற கேள்வி என் முன்னால் நேராக வந்து நின்றது.

ஏன் தகாது? காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வளவைக் கூட்டிப் பெருக்க வாரத்தில் மூன்று நாள் ஓர் அக்கா வருவார். நுண்கடன் தவணை கட்டத் தவறி, அடைவில் இருந்த தோட்டையும் மீட்க முடியாமல், ஆடி மாதத்தில் என்னிடம் 40,000 ரூபா கடனாகக் கேட்டிருந்தார். இப்போது கையில் இல்லை என்று சொல்லியிருந்தேன். பொய்யன்று, கூரையோடு மாற்ற ஒதுக்கிய பணம்தான் இருந்தது. வீமன் அடிபட்டபோது வீதியில் முதலில் ஓடிப்போய், கடிக்கக்கூடும் என்றும் பாராமல், தன் சேலைத்தலைப்பால் அவன் தலையைச் சுற்றிப் பிடித்தவர் அந்த அக்காவே. அவர் கண்முன்னால் ஒன்றரை இலட்சத்தை வாகனத்தில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பவேண்டும்.

மெய்யியல் பயிலும் நண்பர்கள் பீற்றர் சிங்கரை அறிவார்கள். அவர் 1975 இல் வெளியிட்ட நூலில், துன்பத்தை உணரும் ஆற்றலே கணக்கிற்கு உரியது, எந்த உயிரினத்தைச் சேர்ந்தது என்பதன்று, என வாதித்தார். அதே சிங்கர் 1972 இல், வங்காள அகதிகள் பட்டினியில் வாடிய காலத்தை முன்வைத்து எழுதிய கட்டுரையில், பெரிய இழப்பின்றி ஒருவரின் பெருந்துன்பத்தைத் தடுக்க இயலுமாயின் அதனைச் செய்தே ஆகவேண்டும் என்றார். ஒரே மனிதரின் வாதங்கள் இரண்டு. ஒன்று என்னை வீமனிடம் இழுத்தது. மற்றையது வளவு கூட்டும் அக்காவிடம் இழுத்தது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அவர் பதில் எதுவாயிருக்கும் என்பதை ஊகிக்கலாம்: வலியைக் குறை, மிஞ்சியதை மனிதருக்குக் கொடு. அது சரியான விடையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விடைக்கு வீமனைத் தெரியாது.

நமது இதிகாசம் வேறு பக்கத்தில் நிற்கிறது. மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுக்கிறான் தருமன். தம்பியர் வழியில் வீழ்ந்தபோது திரும்பிப் பாராது நடந்தவன் நாய்க்காக நின்றான் என்பது என்னை எப்போதும் உறுத்தியதுண்டு. முடிவில் அந்த நாய் தருமதேவதையாக உருமாறிவிடுகிறது. எனக்கு அந்த வசதி இல்லை. வீமன் வெறும் நாய். அதுவும் அயலார் கோழி இரண்டைத் தின்று, நான் நட்டஈடு கொடுத்த நாய்.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எவரிடமும் அப்போது சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழை பெய்தது. செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடியடியாக நகர்ந்தது. சைக்கிளில் அரிசி மூட்டை, அதன்மேல் அம்மம்மாவின் கைப்பை. எங்கள் கறுவல் பின்னால் வந்துகொண்டிருந்தது. கட்டவிழ்த்துவிட்டால் ஊரோடு நின்று பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணித்தான் அப்பா சங்கிலியைக் கழற்றியிருந்தார். கூட்டத்தில் மிதிபட்டுக் குழந்தைகளின் கால்களுக்குள் சிக்கியபோது, திரும்பிப் போ என்று அதட்டினார். போகவில்லை. குனிந்து சேற்றுக்கட்டியொன்றை எடுத்து எறிந்தார். அது முகத்திற் பட்டது. கறுவல் பத்தடி பின்வாங்கி இருந்துகொண்டு, அப்பாவைப் பார்த்து வாலை ஆட்டியது. பின்னர் சனம் மறைத்துவிட்டது.

1996 சித்திரையில் நாங்கள் திரும்பியபோது வீட்டில் கதவில்லை, நிலையில்லை, கறுவலும் இல்லை. அப்பா அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் இறக்கும்வரை வீட்டில் நாய் வளர்க்கவும் விடவில்லை. தன்னைத் தாக்கிய படைக்கலம் உடலில் தைத்து நிற்கும்போதும் எசமானுக்கு வாலாட்டுவது நாய் என்று நாலடியார் கூறுகிறது. பாகனையே கொல்லும் யானைக்கு எதிராக அதனை நிறுத்தி, நாயைப் போன்றாரிடமே நட்புக்கொள்க என்கிறது. அச்செய்யுளை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். சேற்றுக்கட்டியைப் பற்றி வகுப்பில் சொன்னதில்லை.

ஆகவே பேராதனைக்குப் போவதென்று சனிக்கிழமை இரவு தீர்மானித்தேன். வாகனமும் பேசியாயிற்று. ஞாயிறு காலை பக்கத்து வளவு அண்ணை வேலியருகே வந்தார். அவருக்குப் பளைப் பகுதியில் காணி இருந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபின் அதனைப் பார்க்கச் சென்றவர் மிதிவெடியில் இடது காலை இழந்தார். இன்று அவர் நடப்பது ஜெய்ப்பூர்க் காலில். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேதி என்ற என்பு வைத்தியரும் 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் நகரில் உருவாக்கிய றப்பர்ப் பாதம் அது. மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்குள் இருப்பதற்கென்று செய்யப்பட்டது. இதுவோ வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சப்பாணி கட்டி இருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. அதனால் அது நம்மவர்க்கு உகந்ததாயிற்று. அண்ணை அந்தக் காலோடுதான் புகையிலைக் கன்றுக்கு நீர் பாய்ச்சுகிறார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், தொகையையும் சொன்னேன். அவர் வீமனைச் சற்றுநேரம் பார்த்தார்.

“தம்பி, உதுக்கேன் தலையைப் போட்டு உடைக்கிறீர்? எனக்கு ரெண்டிலை ஒண்டு போச்சு. உவனுக்கு நாலிலை ஒண்டு.”

பொருத்தக்கூடிய காலை அறுப்பது எப்படி என்று கேட்டேன்.

“என்னைக் கேளாமல்தான் வெட்டினவை. கேட்டிருந்தால் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன். செத்திருப்பன்.” வேலிக் கதியாலில் கையை ஊன்றிக்கொண்டு மேலும் சொன்னார்: “கண்டிக்கு எட்டு மணித்தியாலம் முறிஞ்ச காலோடை வானுக்கை குலுங்கவேணும். பிறகு ரெண்டு மாசம் கட்டிவைக்கவேணும். உது ஆருக்குச் செய்யிறீர், உவனுக்கோ உமக்கோ?”

அவர் கறுவலைப்பற்றி அறியார். எனினும் அந்தக் கேள்வி நேரே அங்கேதான் போய்த் தைத்தது. 1995 இன் கடனை நான் பேராதனையிற் கொண்டுபோய்க் கட்ட முயன்றிருக்கலாம். திங்கட்கிழமை காலை மிருக வைத்தியரிடம் இதனை வேறு விதமாகக் கேட்டேன். நாயின் உடற்பாரத்தில் ஏறத்தாழ அறுபது வீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன என்றும், ஆகவே பின்னங்காலொன்றை இழந்த நாய் பெரும்பாலும் சில வாரத்தில் ஓடப் பழகிக்கொள்ளும் என்றும் விளக்கினார். வீமன் பெருத்த நாயுமல்லன், கிழவனுமல்லன். தகடு வைத்தால் நான்கு காலும் மிஞ்சக்கூடும். புண் சீழ்கட்டினால் மீண்டும் அறுக்கவும் நேரும். “உங்கடை நாயெண்டால் என்ன செய்வியள்?” என்றேன். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லையாம். அன்று பிற்பகல் காலை அகற்றினார்.

சரியானதைச் செய்தேனா? வலியையும் பயணத்தையும் எண்ணித்தான் இம்முடிவுக்கு வந்தேன் என்று நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். 35,000 என்பது ஒன்றரை இலட்சத்திலும் சிறிது என்ற நினைவு அதில் எவ்வளவு கலந்திருந்தது என்பதை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனின் மகள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான்கு காலோடு நின்றிருக்கக்கூடிய நாயை மூன்று காலாக்கிய சித்தப்பா நான். அவள் கணக்கும் பிழையென்று சொல்லமாட்டேன்.

அண்ணன் காசை ஏற்கெனவே அனுப்பிவிட்டார். திருப்பி வாங்க மறுத்தார். அதிலிருந்து 40,000 ரூபாவை எடுத்து வளவு கூட்டும் அக்காவிடம் கொடுத்தேன்.

“நாய்க்குப் போக மிஞ்சினதோ, சேர்?” என்றார்.

என் முகம் எரிந்தது. “ஓம்” என்றேன்.

“அப்ப ஆறுதலாய்த் தரலாந்தானே” என்று சொல்லி, காசை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் அறியவிரும்பியது அதுமட்டுந்தான் என்று பிற்பாடு தோன்றியது.

மூன்றாம் நாள் வீமன் எழுந்து நின்றான். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் படலைவரை ஓடினான். வலப்பக்கம் சடுதியாகத் திரும்பும்போது மட்டும் விழுந்து, ஒன்றும் நடவாதவன்போல் எழும்புவான். குசினிப் படியில் ஏறினால் இப்போது அம்மா தடியெடுப்பதில்லை.

வலக் காதில் தினவெடுத்தால்தான் சிக்கல். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். எஞ்சியிருக்கும் அந்தத் தொடைத்துண்டு, காதைச் சொறிவதாக எண்ணிக்கொண்டு, காற்றில் விரைவாக ஆடும். ஒரு மாலை பக்கத்து வளவு அண்ணை எங்கள் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் இது நிகழ்ந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், குனிந்து, அந்தக் காதைச் சொறிந்துவிட்டார்.

“எனக்கும் இரவிலை அந்தப் பெருவிரல் கடிக்கும்” என்றார்.