கலசப்பாக்கத்தில் கோட்டை இடித்த காலம்

செய்யாறு எங்களுக்கு ஆறு என்பதைவிட மணல்வெளி. ஜவ்வாது மலையில் மழை கொட்டினால்தான் தண்ணீர் வரும். ரதசப்தமி தீர்த்தவாரிக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் வந்து இறங்குவதும் இங்கேதான். கூட்டம் கலைந்ததும் மணல் மறுபடி எங்களுடையது. ஈர மணலில் கோபுரம் எழுப்பி, தள்ளி நின்று கூழாங்கல்லால் அடிப்போம். உச்சியில் பட்டால் கொஞ்சம் உதிரும். அடியில் ஒரு பக்கமாகப் பட்டால் மொத்தமும் சரியும்.

அந்தக் கைகள்தான் 2009, 2010 வாக்கில் ப்ரௌசிங் சென்டரில் மவுஸைப் பிடித்தன. பெரியவர்கள் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். நாங்கள் ‘க்ரஷ் தி காசில்’ ஆட. ஒரு க்ளிக்கில் கவண்பொறியின் நீண்ட கை சுழலும், அடுத்த க்ளிக்கில் கல் விடுபடும். அவ்வளவுதான் ஆட்டம். முந்திவிட்டால் கல் வானத்துக்குப் போகும். பிந்திவிட்டால் எதிரிலேயே தரையில் குத்தும். சரியான தூணில் பட்டாலோ, மேலே கிடந்த பலகை மெல்லச் சாய்ந்து, தயங்கி, பிறகு கோட்டைக்குள் இருக்கும் ராஜா தலையிலேயே இறங்கும். அந்தத் தயக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் ஒரே திரையைப் பார்ப்போம். கீபோர்டில் எழுத்தைத் தேடித்தேடித் தட்டிய எங்களுக்கு, கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே தெரிந்த ஒன்று அகப்பட்டது அன்றுதான். தோற்றால் காரணம் கண்ணெதிரே கிடந்தது. வாத்தியார் திட்டு இல்லை, மார்க் இல்லை. உடனே அடுத்த கல்.

‘லைன் ரைடர்’ இன்னும் எளிது. ஸ்லோவேனியாவில் மாணவராக இருந்த போஷ்டியன் சாடெஷ் 2006இல் செய்தது. பென்சிலால் கோடு இழுத்தால், சறுக்குவண்டிப் பையன் அதன்மேல் வழுக்கிப் போவான். பனியைப் பார்த்தறியாத நாங்கள் பக்கத்துப் பர்வதமலையை வரைந்தோம். கடப்பாறைப் படி வரும் இடத்தில் கோடு செங்குத்தாக இறங்க, வண்டி ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம்.

எரின் கேட்டோ என்ற நிரலாளர், இதுபோன்ற ஆட்டங்களுக்கு எடை, உராய்வு, மோதல் கணக்குகளைப் போடும் ‘பாக்ஸ்2டி’யை இலவசமாகவே கொடுத்தது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். 2009 டிசம்பரில் வந்த ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ அதன்மேல் எழுந்ததுதான். உலகமே அதிலிருந்த உண்டிகோலைக் கொண்டாடியபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. புளியங்காய் அடித்த கருவியாயிற்றே!

2011இல் அரசின் இலவச லேப்டாப் திட்டம் வந்தது. ஆட்டங்கள் பென்டிரைவில் வீடுவீடாகப் போயின, சென்டரில் கூட்டம் குறைந்தது. 2020 டிசம்பர் 31 அன்று, சென்டரில் நாங்கள் ஆடிய ஆட்டங்களை ஓட்டிய ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. நல்லவேளை, ‘ரஃபிள்’ என்ற மென்பொருள் பழைய ஆட்டங்கள் பலவற்றை இன்றும் ப்ரௌசரில் ஓட்டுகிறது. அக்கா மகனிடம் கோட்டை ஆட்டத்தைத் திறந்து கொடுத்தேன். ரெண்டு கல் வீணானது. “இருங்க மாமா, இப்ப பாருங்க” என்று மூன்றாவதை விட்டான்.