இறங்குவதற்கு முன் இரண்டு நிமிடங்கள்

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புணே வந்த இரண்டாம் ஆண்டில் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். ஒரு ஞாயிறு அதிகாலை அதில் சிங்ககட் கோட்டைக்குப் புறப்பட்டேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1300 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோட்டை அது. ஏறும்போது பிரேக்கைத் தொடவே நேரவில்லை. ஏற்றம் வண்டியின் குறையை மறைத்துவிடுகிறது. இறக்கமே அதைச் சொல்கிறது.

திரும்புகையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் பிரேக் வயர் அறுந்தது. முன் பிரேக்கின் பிடி கைப்பிடியைத் தொடும்வரை அழுத்தியும் வேகம் தணியவில்லை. சாலையோர மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து விழுந்தேன். முழங்கைக் காயத்தோடு போயிற்று. அந்நேரம் எதிரே வாகனம் வராதது என் திறமையன்று.

ஆய்வகத்தில் தராசைச் சரிபார்க்காமல் ஒரு மில்லிகிராமும் நிறுக்காதவன் நான். என் உயிரைச் சுமந்த வண்டியை ஒருமுறையும் சோதித்ததில்லை என்ற வெட்கம், காயம் ஆறிய பின்னும் ஆறவில்லை.

இப்போது புறப்படுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குகிறேன். பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையே இரு விரல் இடைவெளி எஞ்ச வேண்டும். பிரேக் கட்டைகள் ரிம்மில் படிய வேண்டும்; டயரில் உரசலாகாது. வயரில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுகிறேன். பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி கைப்பிடியை அழுத்துகிறேன். முன்பக்க சஸ்பென்ஷன் சீராக அமிழ்ந்து சீராக எழ வேண்டும். அது தடதடத்தாலோ எண்ணெய் கசிந்தாலோ அன்று பயணமில்லை. மழைநாளில் ஈர ரிம்மில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும் என்பதையும் நினைவில் கொள்கிறேன்.

மலைக்குச் செல்லும் நண்பர்களே, இறங்கும் வழியை எண்ணி, அடிவாரத்திலேயே வண்டியைச் சோதியுங்கள்.