ஐயரின் நோட்டு

2009, 2010 ஆகிய இரண்டு வருஷங்கள் நான் பாளையங்கோட்டையில் குடியிருந்தேன். அடுத்த வீட்டில் ஓர் ஐயர் இருந்தார். பூணூல் போட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சீமையில் சபையைக் கவனிக்கும் குருவானவரைத்தான் ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா.

நவம்பர் பிறந்தால் அவர் வீட்டு முன்னறையில் இரவு 11 மணி வரை விளக்கு எரியும். நமக்கு வருஷம் ஜனவரியில் பிறக்கிறது, அல்லது சித்திரையில். அவர்களுடைய திருச்சபை வருஷமோ கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலாவது ஞாயிறே பிறந்துவிடுகிறது. அதற்குள் அவர் நீள நோட்டு ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கு ஒரு பக்கமாகத் தேதி போட்டாக வேண்டும். சுலபமான காரியமென்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றிலும் வரலாமாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே லெந்து நாட்களும் பின்னே பெந்தெகொஸ்தேயும் நகரும். ஒரு வருஷத்து நோட்டு மறு வருஷத்துக்கு உதவாது.

தேதிக்குக் கீழே அன்றைய வேதபாகம். அதற்குக் கீழே வெறும் தாள். ஜனவரியில் படித்த ஒரு வரி ஆகஸ்டுப் பக்கத்தில் பென்ஸிலால் ஏறும். மீன்காரி சொன்ன பேச்சு ஒன்று ஈஸ்டருக்குப் போகும். ஒரு கிரேக்கச் சொல்லுக்கு அகராதியில் அரை மணி தேடி, அரை வரி எழுதுவார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய தொடர்கதை அத்தியாயத்தை வியாழன் இரவில் ஆரம்பிக்கிற எனக்கு, பார்க்க வெட்கமாகவே இருந்தது.

"பழைய பிரசங்கம் ஒரு பெட்டி நிறைய இருக்குமே. ஊர் மாற்றலான பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன்.

"வீட்டிலே இருக்கிறவளுக்குத் தெரியுமே, ஸார். முன்வரிசையில் உட்கார்ந்து இருமுவாள்!"

அவருடைய வேதப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. தினம் நாலு அதிகாரம் வாசித்தால், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக் குருவானவர் மக்செயின், 1842 கடைசியில் தம் சபையாருக்காக வகுத்துக் கொடுத்தது. மறு வருஷம் மார்ச்சில் விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது, வயது 29. இதைச் சொல்லிக்கொண்டே ஐயர் தம் நோட்டில் ஜூன் பக்கத்தைத் திருப்பி ஏதோ குறித்துக்கொண்டார்.

2010 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை ஐயரம்மா காலமானார். இரண்டே நாள் காய்ச்சல். ஞாயிற்றுக்கு வேறு குருவானவர் வருவதாகச் சொல்லியும் ஐயர் வேண்டாமென்றுவிட்டார். நான் கோயிலின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

எட்டு மாதத்துக்கு முன்பே அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த பாகம், நாயீன் ஊர் விதவையின் மகன் உயிர்பெற்று எழுந்த கதை! பக்கம் நிறையப் பென்ஸில் குறிப்புகள் இருந்திருக்கும். அவர் பாகத்தை வாசித்தார், நோட்டை மூடினார்.

"அங்கே பாடையை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை நம் தெருவில் போன பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் உங்கள் முன் நிற்கிறேன்" என்றார். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அவ்வளவுதான். முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

நவம்பரில் புது நோட்டு வாங்கக் கடைத்தெருவுக்கு என்னையும் அழைத்துப் போனார். அந்த ஜூலைக் குறிப்புகளை அதில் எடுத்தெழுதுவாரோ என்று பார்த்தேன். எழுதவில்லை. முதலில் ஈஸ்டரைத்தான் பார்த்தார். 2011-இல் அது ஏப்ரல் 24.

"ரொம்பப் பிந்தி வருகிறது, ஸார்" என்றார்.