விக்டர் ஹாராவை அவருடைய சாவிலிருந்து மீட்போம்

விக்டர் ஹாரா என்றதும் தோழர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மரணம்தான். 1973 செப்டம்பர், சிலி நாடு, ஒரு விளையாட்டரங்கம், நொறுக்கப்பட்ட கைகள், 44 குண்டுகள். படிப்பு வட்டங்களில் மாணவர்களோடு அவரைப் பற்றிப் பேசும்போது நாங்கள் கவனிக்கிற விஷயம் இது: அவர் எப்படிக் கொல்லப்பட்டார் என்று நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் எப்படி வேலை செய்தார் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடுகிறது. போராளிகளைச் சுவரொட்டியாக்கி, மாலை போட்டு, அவர்கள் செய்த வேலையை மறந்துவிடுவது எல்லா இயக்கங்களுக்கும் உள்ள ஆபத்து. அதனால்தான் அவருடைய வேலையைப் பற்றி எழுதுகிறோம்.

ஹாரா 1932இல் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தார். நிலம் பண்ணையாருக்குச் சொந்தம். அதில் குடியிருக்கிற குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான். அப்பா மானுவல் எழுதப் படிக்கத் தெரியாதவர். குடியும் அடியும் வீட்டுக்குள் இருந்தன. அம்மா அமாண்டா ஊர்ப் பாடகி. கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் சாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை இறந்த வீட்டில் விடிய விடியப் பாடுவது சிலியின் கிராமத்து வழக்கம். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் ஹாரா. எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்காத அந்தக் கல்விதான் கடைசிவரை அவரோடு வந்தது.

பிறகு குடும்பம் தலைநகர் சாண்டியாகோவுக்கு வந்தது. அம்மா சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். அவர் திடீரென்று இறந்தபோது ஹாரா பதின்ம வயதில் இருந்தார். பாதிரியாராகப் போகலாம் என்று குருமடத்தில் சேர்ந்து இரண்டு வருடத்தில் வெளியேறினார். ராணுவப் பயிற்சி முடித்தார். அதன்பின் சிலி பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: சிலியில் அவருக்கு முதலில் பெயர் கிடைத்தது நாடக இயக்குநராகத்தான். ஏழை வீட்டிலிருந்து வந்தவருக்குக் கோபமும் குரலும் இருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. தொழிலை முறையாகக் கற்றார். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்த வயலெட்டா பர்ராவின் ஊக்கம் அவரைப் பாட்டின் பக்கம் இழுத்தது.

1969 மார்ச்சில் தெற்குச் சிலியின் புவெர்ட்டோ மோன்ட் நகரத்தில், தரிசு நிலத்தில் குடிசை போட்டிருந்த ஏழைக் குடும்பங்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒரு கைக்குழந்தை உட்படப் பலர் இறந்தார்கள். ஹாரா அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். உள்துறை அமைச்சரின் பெயரையே பாட்டில் சொல்லி அவரிடம் கேள்வி கேட்டார். சாண்டியாகோவில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியொன்றில் அதைப் பாடியபோது அவர் மேல் கல் விழுந்தது. அதே ஆண்டு நடந்த புதிய பாடல் இயக்கத்தின் முதல் விழாவில், உழவனை நோக்கிய அவருடைய வேண்டுதல் பாட்டு முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது.

ஆனால் எங்களைப் போன்ற களப்பணியாளர்களுக்கு அவருடைய முக்கியமான வேலை 1972இல் வந்த ‘லா பொப்லாசியோன்’ இசைத்தட்டு. ‘குடியிருப்பு’ என்று பொருள். 1967 மார்ச்சில் சாண்டியாகோவின் மேற்கே வீடற்ற குடும்பங்கள் ஓரிடத்தில் இரவோடு இரவாகக் குடியேறின. அந்தப் போராட்டத்தின்போது இறந்துபோன கைக்குழந்தையின் பெயர் ஹெர்மிண்டா. அவள் பெயரையே குடியிருப்புக்கு வைத்தார்கள்: ஹெர்மிண்டா தெ லா விக்டோரியா.

ஹாரா அங்கே டேப் ரெக்கார்டரோடு போனார். மக்களைப் பேசவிட்டு உட்கார்ந்து கேட்டார். நிலத்தில் கால் வைத்த அந்த இரவைக் கண்டவர்களே சொன்னார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் பாட்டுகள் பிறந்தன. சிலவற்றை நாடக ஆசிரியர் அலெஹாந்த்ரோ சிவேக்கிங்கோடு சேர்ந்து எழுதினார். மக்களின் சொந்தக் குரல்களும் இசைத்தட்டில் பாட்டுகளுக்கு நடுவே ஒலிக்கின்றன. தன் இரண்டு கைகளைத் தவிர வேறெதுவும் இல்லாத பெண்ணின் பாட்டு அதில் உண்டு. சேற்றில் துணிப்பந்தோடு விளையாடும் லுச்சின் என்ற பொடியனின் பாட்டு உண்டு. தான் கற்ற தொழில்களை ஒவ்வொன்றாகப் பெருமையடிக்கும் தொழிலாளியின் பாட்டும், சிரிக்க வைக்கும் குறும்புப் பாட்டும் உண்டு. ஏழைகள் அழுவார்கள் என்று மட்டும் நம்புகிறவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும்.

சமூகப் பணிக்குப் படித்த எங்களுக்கு இது ஏன் முக்கியம்? எங்கள் படிவங்களில் மக்கள் ‘பயனாளிகள்’. ஒரு வன்முறை நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் போகின்றன. வீடு எரிந்த அம்மா ஐந்து குழுக்களிடம் ஒரே கதையைச் சொல்லிவிட்டு, ஆறாவது குழுவிடம், “எழுதிக்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரலைங்க” என்கிறார். அறிக்கையில் அவருடைய இழப்பு இருக்கும். அவர் வீட்டை எப்படிக் கட்டினார், யாரோடு சண்டை போட்டு அந்த இடத்தைப் பிடித்தார் என்பது இருக்காது. ஹாரா கேட்டது இதைத்தான்: நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த ஒரு கேள்வியில், பாதிக்கப்பட்டவர் தன் வரலாற்றைத் தானே சொல்கிறவராகிறார்.

1973 செப்டம்பர் 11 அன்று பினோசெட்டின் ராணுவம் அலெண்டேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. ஹாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் இருந்தார். மறுநாள் எல்லாரையும் சிலி அரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். 1969இல் அவர் பரிசு வாங்கியதும் அந்த அரங்கத்தில்தான். சித்திரவதைக்கு நடுவிலும் அவர் ஒரு கவிதை எழுதினார். சக கைதிகள் அதை மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். சில நாட்களில் அவர் கொல்லப்பட்டார்.

அவருடைய கைகளை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உலகமெல்லாம் சுற்றுகிறது. பிணவறையில் உடலை அடையாளம் காட்டிய மனைவி ஜோன் அப்படி எழுதவில்லை. மணிக்கட்டு முறிந்ததுபோல் கைகள் தொங்கியதாகவே எழுதியிருக்கிறார். தோழர்களே, உண்மையே போதுமான கொடூரம். அதைப் பெரிதாக்கினால் நம் சாட்சியம்தான் பலவீனமாகும்.

ஜோன் இங்கிலாந்தில் பிறந்த நடனக் கலைஞர். மகள்களோடு நாடுகடந்து போனார், கணவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார், திரும்பி வந்து வழக்கு நடத்தினார். 2009இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டது. 2016இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு ஜூரி, அங்கே வாழ்ந்துவந்த முன்னாள் சிலி ராணுவ அதிகாரி இந்தக் கொலைக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2018இல் சிலி நீதிமன்றம் முன்னாள் அதிகாரிகளுக்குத் தண்டனை வழங்கியது. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நவம்பரில் ஜோன் இறந்தார். ஃபுளோரிடாவில் இருந்த அந்த அதிகாரி சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது அடுத்த மாதம்.

ஐம்பது ஆண்டுகள். அரங்கத்தில் கண்டதை மறக்காமல் சொன்ன கைதிகள், அவற்றை எழுதிவைத்தவர்கள், கோப்பை மூடவிடாத ஒரு பெண். டேப் ரெக்கார்டரோடு குடிசைக்குள் போய் ஹாரா செய்த அதே வேலையை, அவருக்காக மற்றவர்கள் செய்தார்கள்.

வரும் செப்டம்பரில் அவருக்கு நினைவேந்தல் நடத்தும் தோழர்கள் ‘லா பொப்லாசியோன்’ முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் மக்களின் குரல் எங்கே வருகிறது என்று தெரியும். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த குடியிருப்பில் வயதான ஒருவரிடம் போய், இந்த இடத்துக்கு முதன்முதலில் எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். பதிவு செய்ததை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.