காற்றுக்கு ஒரு வழி

விடுமுறை என்றால் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறி ஈரோட்டில் இறங்குவது என்பதுதான் நெடுங்காலம் எங்கள் இல்லத்தின் எழுதாச் சட்டமாக இருந்தது. 2017ஆம் ஆண்டில் அப்பா மறைந்து, அம்மா தில்லிக்கு எங்களோடு வந்துவிட்ட பிறகு, ஊரில் பூட்டிய வீடு ஒன்றே எஞ்சியது. பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக இரண்டு நாள் ரயிலில் போவானேன் என்று அடுத்த கோடையில் அம்மாவே கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நாங்கள் கூடாரம் வாங்கிய கதை தொடங்கிற்று.

அம்மா என்று நாங்கள் குறிப்பிடுபவர் எங்களில் ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு மாமியார். இத்தனை ஆண்டுகளில் அந்த வேறுபாடு எங்களுக்கே மறந்துபோயிற்று. அவரும், பள்ளியில் படிக்கும் மகனும், நாங்கள் இருவருமாக நால்வர். ஜூன் மாதத்து மலை விடுதியில் நால்வருக்கு இரண்டு அறைகள் எடுத்தால் ஒரு வாரத்தில் கை வறண்டுவிடும். ஆனால் வீட்டில் ஒரு கார் இருந்தது. அதன் பின்புறத்தில் ஒரு வீட்டையே சுருட்டி வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் நம்பினோம்.

கூடாரம் தமிழருக்குப் புதிய பொருளன்று. நப்பூதனார் 103 அடிகளில் பாடிய முல்லைப்பாட்டில் ஒரு முழுப் பாசறையே விரிந்து கிடக்கிறது. யவனர் காவல் நிற்க, நாழிகை வட்டிலில் பொழுது அளக்கப்பட, மன்னன் உறக்கம் கொள்ளாமல் கிடக்கிறான். ஆயினும் அந்த மன்னனுக்கு முளை அடிக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து அச்சிட்ட ஒரு தாள்; அதுவும் முதல் நாளே காற்றில் போயிற்று.

2018இல் வாங்கிய முதற்கூடாரம் ஆறு பேருக்கானது என்று உறையில் எழுதியிருந்தது. நிமிர்ந்து நின்று புடவை மாற்றலாம் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தோம். சக்ராத்தாவுக்கு அருகே தேவதாரு மரங்களின் கீழ் அதை நிறுத்தி முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. துணி ஒற்றை அடுக்கு. மழை வருமுன்பே, விடியற்காலையில், உட்புறமெங்கும் நீர் முத்துக்கள் கோத்து நின்றன. அது மழையன்று, எங்கள் நால்வரின் மூச்சு. மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகித் தலையணைமேல் சொட்டியது. மறுநாள் மழையும் வந்தது. தையல்களின் வழியே கசிந்தது. இடுப்பளவு அகலமுடைய சுவரில் காற்று மோதியதும் கண்ணாடி நாரால் ஆன கழி ஒன்று பிளந்து துணியைக் கிழித்தது. அன்றிரவு நால்வரும் காருக்குள் உட்கார்ந்தபடியே உறங்கினோம். அம்மா மட்டும், “நம்ம ஊர்க் களத்து மேட்டுச் சாளையே இதுக்கு மேல்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

இரண்டாம் கூடாரத்தை வாங்கு முன் ஓராண்டு யோசித்தோம். அப்போது கற்றவற்றுள் முதலாவது, உறையில் எழுதிய எண்ணை நம்பலாகாது என்பது. நான்கு பேருக்கானது என்றால், நால்வர் தோளோடு தோள் ஒட்டி அசையாமல் படுக்கலாம் என்று மட்டுமே பொருள். பைகளுக்கு அதில் கணக்கில்லை. நால்வருக்கு ஆறு பேர் கூடாரமே சரி. முதுகில் சுமந்து செல்வோர் இரண்டு கிலோவுக்குள் பார்க்க வேண்டும். சுமப்பது கார் என்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உயரம் மட்டும் இடுப்புக்குச் சற்று மேலே போதும். நிமிர்ந்து நிற்கும் ஆசையைக் காற்று மன்னிப்பதில்லை.

அடுத்தது இரட்டை அடுக்கு. உள்ளே மூச்சு விடக்கூடிய மெல்லிய துணியாலான அறை. வெளியே மழை தாங்கும் மேலுறை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஈரம் உள்துணியைக் கடந்து மேலுறையில் படிந்து, அதன் சரிவிலேயே வழிந்து தரைக்குப் போய்விடும். மேலுறை எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் மறுபுறம் கசியத் தொடங்குகிறதோ அதுவே அந்த எண். நாங்கள் 3000 மில்லிமீட்டர் துணியும், உள்ளே நாடா ஒட்டிய தையல்களும், அலுமினியக் கழிகளும் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். அலுமினியம் வளையும், ஆனால் கண்ணாடி நார்போலச் சிம்பு சிம்பாகப் பிளப்பதில்லை. கழிகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் குவிமாட வடிவம், முளை இறங்காத பாறைத் தரையிலும் தானாக நிற்கும். சுரங்க வடிவக் கூடாரம் இடவசதி மிக்கது; ஆனால் முளையும் கயிறும் இல்லாமல் அது நிற்பதில்லை.

காரின் கூரைமேல் பொருத்தும் கூடாரத்தையும் கருதிப் பார்த்தோம். மகனுக்கு அதன்மேல் ஒரே மோகம். ஆனால் அறுபத்தெட்டு வயது அம்மா இரவில் இரண்டு முறை ஏணி இறங்க வேண்டும். மேலும் கூரைக் கூடாரத்தில் உறங்கும்போது கார் கட்டிப்போட்ட மாடு. அவசரத்துக்கு எங்கும் போக முடியாது. தரைக் கூடாரம் நின்ற இடத்தில் நிற்கும், கார் போய்வரலாம். இந்தக் காரணத்தை அன்று விவாதத்தில் வெல்வதற்காகவே சொன்னோம். பிற்பாடு அது எங்களுக்கு எவ்வளவு பெரிய பொருளாயிற்று என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரையே எழுதுகிறோம்.

ஒத்திகை குடியிருப்பின் பூங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காவலர் வந்து, திருமணமா என்று விசாரித்தார். நான்கு முறை அடித்துக் கலைத்த பிறகு, கால் மணி நேரத்தில் நிறுத்தப் பழகினோம். காற்று வீசும்போது முதலில் அதன் முகத்துக்கு எதிரான ஓரத்தில் இரண்டு முளைகளை அடித்துவிட்டுப் பிறகே கழிகளைக் கோக்க வேண்டும். இல்லையேல் கூடாரம் பட்டமாகும். குறுகிய பக்கம் காற்றை நோக்கியும், வாயில் அதற்கு மறுபுறமும் இருக்க வேண்டும். முளையின் தலை கூடாரத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தால்தான் கயிறு அதைப் பிடுங்காது. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் ஓரத்துக்கு வெளியே நான்கு விரல் நீண்டாலும் மழைநீரை ஏந்தி உள்ளே அனுப்பிவிடும். அதை உட்புறமாக மடித்துவிட வேண்டும். காற்றடைத்த மெத்தை மலைக் குளிரில் பனிக்கட்டிபோல ஆகிவிடுகிறது. கெட்டியான நுரைப்பாயே தேவலை. அதன்மேல் அம்மாவின் பவானி ஜமக்காளம்; அதற்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒன்று நாங்கள் காணவில்லை.

2022 ஜூனில் லாஹுல் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டோம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப் பாதை திறந்த பின்னர், 3,978 மீட்டர் உயர ரோத்தங் கணவாயைத் தாண்டாமலேயே மணாலியிலிருந்து அங்கே சென்றுவிடலாம். அந்த வசதியே ஓர் ஆபத்தும்கூட. உடல் உயரத்துக்குப் பழகுமுன் கார் அங்கே கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறது. ஆகவே மணாலியில் இரண்டு இரவுகளும் கேலாங்கில் ஓர் இரவும் தங்கி, அதன்பின் ஜிஸ்பாவை அடைந்தோம். ஏறக்குறைய 3,200 மீட்டர் உயரம். பாகா நதி அகன்று, கூழாங்கற்களின்மேல் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடம். காலையில் முழங்காலளவு ஓடும் கிளை, பனி உருகும் பிற்பகலில் இரு மடங்காகிவிடுகிறது. கற்களில் படிந்திருந்த ஈரக்கோட்டைப் பார்த்து, அதற்கு ஆளுயரம் மேலே, ஒரு மேட்டில் இடம் தேர்ந்தோம். காரைக் காற்றுக்கு எதிரே குறுக்காக நிறுத்தினோம். முளை இறங்காத இடங்களில் கயிற்றை நீண்ட கல்லில் சுற்றி, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றினோம். அன்று அடித்ததுபோல் கச்சிதமாக அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கூடாரம் அடித்ததில்லை. மேலுறையின் விளிம்பிலிருந்து ஒரு சுருக்கம்கூடக் கண்ணில் படவில்லை.

பொழுது சாய்ந்ததும் காற்று வலுத்தது. அம்மாவின் விரல்கள் நீலம் பாரித்தன. சாலையோரத்து உணவுக்கடைக்காரர், நாங்கள் கேட்காமலேயே கரியிட்ட அங்கீட்டி ஒன்றைக் கொடுத்து, வெளியே வைத்துக் குளிர்காயச் சொன்னார். அவ்வாறே செய்தோம். ஒன்பது மணிக்குக் கரி கனிந்து, புகை முற்றிலும் அடங்கியது. புகை இல்லையே, இனி என்ன கெடுதல் என்று எங்களுக்குத் தோன்றிற்று. இருவரில் யார் முதலில் சொன்னார் என்பதை நாங்கள் இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. அங்கீட்டியை உள்ளறைக்குள் வைக்கவில்லை. வாயிலுக்கும் மேலுறைக்கும் நடுவிலுள்ள முன்றிலில் வைத்தோம். பிறகு காற்றுக்கு அஞ்சி மேலுறையின் ஜிப்பை இழுத்தோம். விளிம்பைச் சுற்றிலும் கல் வைத்துத் தரையோடு அடைத்தோம். குளிர் இறங்குகிறது என்று உச்சியிலிருந்த காற்றுத் திறப்பையும் கட்டினோம். எவ்வளவு திறமையாகக் கூடாரம் அடித்திருந்தோமோ, அவ்வளவு திறமையாக எங்களை நாங்களே மூடிக்கொண்டோம்.

கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும், மூடிய அறையில் அங்கீட்டியோடு உறங்கிய குடும்பங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். நாங்களும் படித்தவர்களே. அறை என்றால் செங்கல் சுவர் என்று எங்கள் மனம் எப்படியோ எண்ணிக்கொண்டிருந்தது. துணியை அது சுவராகக் கருதவில்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன் அம்மா எழுந்தார். “சாமி, தலை பாரமா இருக்குது, நெஞ்சைப் பிரட்டுது. வெளியே போய்க் குந்தறேன்” என்றார். உயரத்தில் தலைவலி வருவது இயல்பு, படுத்துக்கொள்ளுங்கள் அம்மா, சரியாகிவிடும் என்றோம். மலை நோயின் குறிகளும் இந்த நஞ்சின் குறிகளும் ஒன்றே என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. எங்களுக்கும் தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது. எழுந்திருக்க மனமில்லாத ஒரு சுகமான அயர்வும் சேர்ந்திருந்தது. அம்மா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. களத்து மேட்டில் வளர்ந்தவர். புழுக்கமென்றால் கதவைத் திறப்பதுதான் அவர் அறிந்த மருந்து. இரண்டு ஜிப்புகளையும் இழுத்துத் திறந்துகொண்டு வெளியே போனார். அந்தத் திறப்பின் வழியே வந்த குளிர்க்காற்று முகத்தில் அறைந்தபோதுதான் எங்களில் ஒருவருக்கு அங்கீட்டியின் செந்நிறம் கண்ணில் பட்டது.

மகனை எழுப்பினோம். எழவில்லை. பெயர் சொல்லி அழைத்தோம், கன்னத்தில் தட்டினோம். ஜமக்காளத்தோடு சேர்த்து இழுத்து வெளியே கிடத்தினோம். பாகா நதியின் இரைச்சல் ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்காத அந்தச் சில நிமிடங்களைப் பற்றி எழுத எங்களால் இயலாது. முனகினான், பிறகு வாந்தி எடுத்தான், பாட்டியைக் கேட்டான். கார் எதனோடும் கட்டப்படாமல் நின்றது. கூடாரத்தை நின்ற நிலையில் விட்டுவிட்டு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி வைத்துக்கொண்டு, இருபது கிலோமீட்டர் சொச்சம் கேலாங்கை நோக்கி ஓட்டினோம். எங்களில் ஓட்டியவருக்கும் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் சரியன்று என்று இப்போது தோன்றுகிறது. உணவுக்கடைக்காரரை எழுப்பியிருக்கலாம்.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதற்கேள்வி, எந்த ஊர் என்பதன்று. அங்கீட்டி எரித்தீர்களா என்பதே. நால்வருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார். மகனுக்கு விடியும்வரை கொடுத்தார். எங்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பிற்பகல் ஜிஸ்பாவுக்குத் திரும்பினோம். ஒரு முளைகூட அசையாமல் கூடாரம் நின்றது. கரி சாம்பலாகியிருந்தது. அங்கீட்டியைக் கழுவிக் கடைக்காரரிடம் கொடுத்தபோது, அவர் முகம் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொல்லியே கொடுத்தார் அல்லவா. தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனிக் கூடாரமே வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்து, அதை நன்றாகக் காயவைத்துப் பரண்மேல் ஏற்றினோம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். பயன்படுத்தாவிட்டாலும் வீணாக்க மனமில்லை. அடுத்த மார்ச் மாதத்தில் அம்மாதான் அதைப் பற்றிப் பேச்செடுத்தார். “தப்பு நம்முளுது, அது துணி என்ன பண்ணும்?” என்றார். மகன் பரண்மேல் ஏறினான்.

இப்போது எங்கள் கூடாரத்தில் சமையலும் இல்லை, கனலும் இல்லை. குளிருக்கு இன்னொரு கம்பளி. காலடியில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிய பாட்டில். காரின் எஞ்சினை அருகே ஓடவிடுவதில்லை. மேலுறையின் விளிம்பைத் தரையோடு அடைப்பதும் இல்லை. நாங்கள் கயிறுகளை இழுத்துக் கட்டி முடித்ததும் அம்மா ஒரு முறை கூடாரத்தைச் சுற்றி வருவார். உச்சியிலுள்ள திறப்பு அவருக்கு எட்டாது. பேரன் அவர் கைக்கோலை வாங்கி, அதன் நுனியால் மடலைத் தூக்கிக் காட்டுவான். அது திறந்திருக்கிறது என்று தம் கண்ணால் கண்ட பிறகே அவர் செருப்பைக் கழற்றி உள்ளே போவார்.