தாங்குவதும் தணிப்பதும்

பாரத்தைத் தாங்குவது ஒரு பணி. அதிர்ச்சியைத் தணிப்பது வேறொரு பணி. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தருகே சற்றுக் குனிந்து பார்த்தால் வேறுபாடு புலப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள் அங்கே உண்டு. பட்டறைக்காரர்கள் அவற்றைப் 'பிளேட்' என்பர். வண்டியின் எடையையும் சரக்கின் எடையையும் சுமப்பவை அவையே. அவற்றின் பக்கத்தில், மேல்முனை வண்டியின் சட்டத்திலும் கீழ்முனை அச்சிலும் பிணைக்கப்பட்ட ஒரு குழாய் நிற்கும். அதுதான் ஷாக் அப்சார்பர். சுமை தாங்குவது அதன் வேலையன்று.

பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் அடியைப் பிளேட் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கிறது. தணிப்பார் இல்லையெனில் வண்டி எழும்பி எழும்பி விழும். ஷாக் அப்சார்பரோ வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. குழாயினுள் உள்ள எண்ணெய், பிஸ்டனின் சிறு துளைகள் வழியே நெருக்குண்டு செல்கையில் அசைவு வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் காற்றில் கலந்து போகிறது. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடிய வண்டியில் அக்குழாயைத் தொட்டால் கை சுடும்.

இப்பொருளில் நமக்கு நாட்டம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றபோது, கூடுவாஞ்சேரியிலிருந்து உணவுப் பொட்டலங்களுடன் சென்ற வண்டிகளுள் நம் பங்கு இளைஞர் ஒருவரின் பழைய பிக்கப்பும் ஒன்று. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் உயரமான வண்டி அது. திரும்புகையில், வேறு வழியின்றித் தவித்த முதியோர் சிலரை இளைஞர்கள் அதன் பின்தட்டில் ஏற்றி வந்தனர். நீருக்கடியில் இருந்த பள்ளம் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. வண்டி தூக்கிப் போட்டதில், பின்னச்சுக்கு நேர்மேலே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரின் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. அவர் படுக்கையிலிருந்து எழ மூன்று மாதங்களாயின.

அந்த இளைஞரால் அதை மறக்க இயலவில்லை. விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்கள் இரண்டை வாங்கிப் பூட்டினார். குறை தீரவில்லை. ஜி.எஸ்.டி. சாலையோரம் நெடுங்காலமாகப் பட்டறை நடத்திவரும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டு சென்றபோது நாமும் உடன் சென்றோம். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்த அவர் சொன்னார்: "ஷாக் நல்ல ஷாக்குதான் சாமி. அது நிக்கிற இடந்தான் சரியில்ல."

அன்று மாலை அவர் விளக்கியதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அவ்வண்டியில் ஷாக் அப்சார்பர்கள் மிகச் சாய்ந்தும், சக்கரத்தைவிட்டு விலகி நடுப்பக்கமாகவும் இருந்தன. சாய்ந்து நிற்பது இருமுறை இழக்கிறது. சக்கரம் எழும் அளவுக்குப் பிஸ்டன் நகர்வதில்லை. இது முதல் இழப்பு. நகர்ந்த அளவுக்கு எழும் எதிர்விசையிலும் ஒரு பகுதியே மேலும் கீழுமாகப் பயன்படுகிறது, இது இரண்டாவது. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் தணிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கே சக்கரத்துக்குக் கிட்டும். 45 பாகை சாய்ந்தால் பாதிதான்.

விலகி நிற்பதிலும் இழப்பு உண்டு. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே 150 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சக்கரம் மட்டும் கல்லின்மேல் ஏறி 15 சென்டிமீட்டர் உயர்ந்தால், அதிலிருந்து 50 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி அச்சில் பொருந்திய முனை 10 சென்டிமீட்டரே உயரும். 25 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பன்னிரண்டரை உயரும். அடி விழும் இடத்துக்கு அருகில் நிற்பதே அதை முழுமையாக உணர்கிறது. கரட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. கீழ்முனையின் பிணைப்பு அச்சுக்கும் கீழே தொங்கினால், பாறையும் மரக்கட்டையும் முதலில் அதையே தாக்கும். ஆகவே அதை அச்சின் மேற்புறத்துக்கு உயர்த்துவார்கள். மேல்முனையை வெளிப்பக்கமாக நகர்த்துவார்கள்.

அப்படியாயின் வண்டியைச் செய்தவர்கள் அறியாமல் செய்தார்களா? இல்லை. சரக்குத் தட்டு தாழ்வாக இருக்க வேண்டும். எரிபொருள் கலத்துக்கும் புகைக்குழாய்க்கும் இடம் வேண்டும். இவற்றுக்காகச் சாய்க்க நேர்கிறது. பல வண்டிகளில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக வைத்திருப்பார்கள். வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பிளேட்டுகள் முறுக்கிக்கொண்டு அச்சு துள்ளுவதை அது அடக்கும். பழைய இடத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை அறிந்தவரே அதை மாற்றத் தகுந்தவர்.

தயாரிப்பாளர்களே மாற்றியதும் உண்டு. 2021 நவம்பரில் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய ரேஞ்சர் பிக்கப்பை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, பின்புற ஷாக் அப்சார்பர்களைச் சட்டத்தின் வெளிப்பக்கத்துக்கு நகர்த்தியிருப்பதாக அறிவித்தது. முந்தைய ரேஞ்சரின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட எண்டெவர் வண்டி, நம் கூடுவாஞ்சேரியிலிருந்து மூன்றாவது ரயில் நிலையமான மறைமலைநகரில் உருவானது என்பது இங்கு நினைக்கத்தக்கது. அங்கே உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பும் அதே 2021 செப்டம்பரில்தான் வந்தது. 2022-இல் கடைசி வண்டி வெளிவந்தது. வண்டியின் உறுப்பொன்றை நகர்த்தப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்கிறார்கள். மனிதர் இடம்பெயரும்போதோ அவ்வளவு அவகாசம் கிட்டுவதில்லை.

பட்டறைப் பெரியவர் வெல்டிங் கருவியைத் தொடவேயில்லை. முதலில் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றினார். ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சு ரப்பர் கட்டையில் முட்டும்வரை கொண்டுசென்று அளந்தார். பிறகு மறுபக்கம் முழுதும் தொங்கவிட்டு அளந்தார். முழுதும் ஒடுங்கும்போது ஷாக் அப்சார்பர் அடியில் இடித்துவிடலாகாது. ரப்பர் கட்டையே முதலில் தடுக்க வேண்டும். முழுதும் தொங்கும்போது அச்சின் பாரம் அதை இழுத்து முறிக்கலாகாது. பிரேக் குழாய் எட்டுகிறதா, டயர் உரசுகிறதா என்றும் பார்த்தார். சட்டத்தில் வைக்கும் பிணைப்பு ஒரே புள்ளியை இழுக்காமல், அகன்ற தகட்டின் வழியே விசையைப் பரப்ப வேண்டும் என்றார். அச்சுக் குழாயில் ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் அது கோணிவிடும். சிறிது சிறிதாக, ஆறவிட்டு வைக்க வேண்டும் என்றார். அன்று முழுதும் அளந்ததே மிச்சம்.

மழைக்காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று இளைஞர் அவசரப்பட்டார். பெரியவர் இணங்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டிகளில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பிடுகிறது. தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக மாற்றுவதை உச்ச நீதிமன்றமும் 2019-இல் ஏற்க மறுத்தது. "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு, எழுத்துல வாங்கிட்டு வாங்க தம்பி. ரோட்டுல போறது நீங்க மட்டும் இல்ல" என்றார் அவர்.

அதுவரை சும்மா இருக்கவும் இல்லை. கூடுதல் சரக்குக்காக யாரோ முன்பு சேர்த்திருந்த இரண்டு பிளேட்டுகளை அகற்றினார். நைந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார். தாங்கும் உறுப்பு தேவைக்கு மீறி விறைத்திருந்தால் தணிக்கும் உறுப்பு என்ன செய்தும் பயனில்லை என்பது அவர் கருத்து. அவ்வளவிலேயே வண்டியின் முரட்டுத்தனம் பெரிதும் குறைந்தது. இனி எந்த வெள்ளத்திலும் முதியோரை ஓட்டுநர் அருகிலன்றி வேறெங்கும் அமர்த்துவதில்லை என இளைஞர்களும் உறுதி செய்துகொண்டனர். இடமாற்றத்துக்கான அளவுகள் பட்டறைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்து வடிவில் அனுமதி வந்த பின்பே அங்கு நெருப்புப் பொறி பறக்கும்.

நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறோம். தாங்குபவர்கள் இருக்கிறார்கள்; உழைத்துச் சம்பாதித்துக் குடும்பத்தின் எடையைச் சுமக்கிறார்கள். அடி விழும்போது அவர்களும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. அச்சினத்தை வாங்கி, எவர்மேலும் திருப்பாமல், தம்முள்ளே ஆற்றிவிடும் ஒருவரும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. அவர் பாட்டியாக இருக்கலாம். மூத்த மகளாக இருக்கலாம். பேச்சு நடக்கும் கூடத்தைவிட்டு விலக்கி, அடுக்களை ஓரத்தில் அவரை நிறுத்திவிட்டு, இந்த வீட்டில் அமைதியில்லையே என்று நொந்துகொள்கிறோம். புதிய அறிவுரையாளரைத் தேடிப் போகுமுன், வீட்டில் இருக்கும் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை அளந்து பார்ப்பது நலம்.