பச்சைக்கு என்ன போடுவது

ஜனவரி 3, 2025

தம்பி மகன் வேலை கிடைத்து ஜெர்மனி கிளம்பிவிட்டான். போகிற வழியில் அவனுடைய இக்வானாவைக் கண்ணாடித் தொட்டியோடு மோகனூர் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தான். வாலோடு சேர்த்து மூன்றடி. "சுத்த சைவம் அத்தை, கீரை போட்டாப் போதும்" என்றான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இன்று பன்னிரண்டாம் நாள். எழுதி வைக்காவிட்டால் எது எந்த நாள் நடந்தது என்பதே எனக்கு நழுவிப் போகிறது.

ஜனவரி 4

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். "ஏம்மிணி, உடும்பையா வளத்தற? ஃபாரஸ்ட்காரங்க வந்தா என்ன பண்ணுவ?"

அவர் பயம் நியாயம்தான். உடும்பு 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் சிறை. ஆனால் உடும்பு எலியும் முட்டையும் தின்னும். இது தென்னமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் கிடந்து இலை மேய்கிற சாதி. இதற்கும் கணக்கு உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி, வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். பையன் பதிந்திருக்கிறான். கைமாறியதையும் தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதத்தை அம்மாவின் எக்ஸ்ரே கவரிலேயே போட்டு வைத்தேன்.

ஜனவரி 9

அதுவும் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். ஊரே மாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடியே தொட்டியைப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொன்னாள். ஒரு பூவன் பழத்தை உரித்துப் பாதியைத் தான் வாயில் போட்டுக்கொண்டு மீதியை நீட்டினாள். "இந்தா பச்சை." ரோஜா நிற நாக்கு ஒருமுறை வெளியே வந்து தொட்டுப் பார்த்தது. அப்புறம் ஒரே கவ்வு. அம்மா சிரித்தாள். விழுந்த பிறகு இன்றுதான் சிரிக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தினம் ஒரு சீப்பு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த ஊரில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்?

ஜனவரி 24

பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. விரல்கள் தாமாகத் துடிக்கின்றன. ஆட்டோ பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிப் போனேன். கன்றுக்குட்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே மடியில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிந்தது. சுண்ணாம்புச் சத்து போதாமல், உடம்பு தன் எலும்பையே கரைத்துத் தின்கிறதாம். தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். வாழைப்பழம் அதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ்தான் கூடுதல். பாலக்கீரையில் கால்சியம் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடுவதில்லை; முளைக்கீரையும் ஏறக்குறைய அப்படித்தான். நான் மாற்றி மாற்றிப் போட்டது இந்த மூன்றையும்தான். கண்ணாடி வழியாக வருகிற வெயிலும் பிரயோசனமில்லை. எலும்புக்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே நேர்வெயில் வேண்டும், ஒதுங்கக் கொஞ்சம் நிழலும் வேண்டும்.

தொட்டியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சளி என்று பயந்திருந்தேன். அது உப்பாம். மிஞ்சுகிற உப்பை மூக்கு வழியே தும்மித் தள்ளிவிடுமாம். அது ஒன்றுதான் இன்று கேட்ட நல்ல செய்தி.

ஆசையாகக் கொடுத்ததே இப்படிச் செய்யுமா? அம்மாவிடம் பழத்தைப் பற்றி எப்படிச் சொல்வேன்?

ஜனவரி 25

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "என்னைய வெளிய கூட்டிட்டுப் போ" என்றாள்.

வாக்கரோடு கொல்லைப்புறம் போக அரைமணி ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகக் கை காட்டினாள். நான் மருத்துவர் எழுதித் தந்த தாளோடு ஒத்துப் பார்த்தேன். முருங்கைக் கீரை போடலாம். அகத்தியும் போடலாம், மற்றக் கீரைகளோடு கலந்து. செம்பருத்தியில் பூவும் கொடுக்கலாம், கொழுந்தும் கொடுக்கலாம். பூசணிப்பூ, துருவிய பூசணி. வேலியோரச் சப்பாத்திக்கள்ளி, முள் சீவி. பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்களிடம் மருந்தடிக்காத முசுக்கொட்டை இலை. பப்பாளி, அத்திப்பழம் ருசிக்கு ஒரு துண்டு. எருக்கும் ஊமத்தையும் கிட்டேயே வரக்கூடாது. வாங்கல் பாலம் தாண்டி அரவக்குறிச்சிப் பக்கம் பந்தலில் படர விடுகிறார்களே, செங்காந்தள், அதுவும் விஷம்தான்.

அறுபது வருஷம் இந்த மண்ணில் களை பிடுங்கியவள். தாளில் இல்லாத பத்துச் செடிகளுக்கு என்னிடம் பேர் கேட்டாள். எனக்கு நாலுதான் தெரிந்தது.

தீனி மேல் தூவக் கால்சியம் பொடி எழுதியிருந்தார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவலாமா என்றாள் அம்மா. வாய் வெந்துவிடும் என்றேன். "அப்ப முட்டை ஓடு?" நாமக்கல் முட்டைதான் தினம் வீட்டுக்கு வருகிறதே. மருத்துவரிடம் போனில் கேட்டேன். கொதிக்க வைத்து, காய வைத்து, மாவாக இடித்தால் சரி என்றார்.

பிப்ரவரி 2

இரண்டு பேரும் வெயிலில். எட்டரை முதல் ஒன்பதே கால் வரை.

பிப்ரவரி 9

இன்றைக்குக் கை நடுங்கித்தான் எழுதுகிறேன். நாவலடியான் கோயிலுக்குப் போன உறவுக்காரர் பிரசாதத்தோடு மாலையும் கொண்டுவந்து அம்மாவின் நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். செவ்வரளி. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் இதைத் தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்கள். நான்குவழிச் சாலை நடுவிலும் இதுதான் பூத்து நிற்கிறது. பழகிப் பழகி அதன் விஷம் மறந்தே போகிறது. பூ, இலை, தண்டு எதுவானாலும் இதயத்தைத்தான் பிடிக்கும்.

நான் அடுப்படியிலிருந்து வந்தபோது பச்சை நாற்காலிக் காலடியில் இருந்தது. சிவப்பைக் கண்டால் செம்பருத்தி என்றுதானே போகும்? மாலையில் ஒரு காம்பு வெறுமையாக இருந்தது. பூ தானாக உதிர்ந்ததா, தின்றதா, தெரியவில்லை. டார்ச் அடித்துத் தரையெல்லாம் தேடினேன். மருத்துவர் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார். முருங்கைப் பச்சைதான் ஒட்டியிருந்தது. ராத்திரி பூரா கவனியுங்கள் என்றார்.

அம்மா தூங்கவில்லை. பச்சையின் நடுத்தலையில் வெளுத்த செதில் ஒன்று இருக்கிறது. அது பார்வையில்லாத மூன்றாம் கண். நிழல் விழுந்தால் மட்டும் அறியும். பருந்துக்குப் பயந்த உயிர், மேலிருந்து கை வந்தால் மிரளும். அம்மா கையைக் கீழே தாழ்த்தி, தாடைக்கடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். "துடிப்பு தெரியுது, நீ போயித் தூங்கு." மூன்று மணிக்கு நான் வந்து பார்த்தபோதும் கை அங்கேயேதான் இருந்தது.

பிப்ரவரி 10

காலையில் செம்பருத்தி தின்றது. அந்த ஒரு பூ எங்கே போனது என்று இன்னும் தெரியாது.

பிப்ரவரி 27

பையன் வீடியோவில் வந்தான். அடுத்த வருஷமும் வர முடியாது போலிருக்கிறது, சேலத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதாம். "அப்பத்தாவுக்குச் சிரமமா இருக்குமில்ல அத்தை?" பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கி, அங்கே சாப்பாடு என்ன, வெயில் அடிக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 8

இரண்டாவது எக்ஸ்ரே. கொஞ்சம் தேவலை, ஆனால் வளைந்த கால் நிமிராது. ஏப்ரலில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சேலத்துக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா கட்டிலில் இல்லை. கொல்லையில், ஒரு கையில் வாக்கர், மறுகையால் தாழ்ந்த முருங்கைக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக்கொண்டிருந்தாள்.